கன்றுக்குட்டி நக்கிய கை

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை விட்டாச்சு. நகரத்துப் பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊரில் வந்து இறங்கியதும் முதல் ஓட்டம் ஆட்டுப்பட்டிக்குத்தான். ஓடட்டும். மாட்டு வைத்தியம் பார்க்கிற நானே அதைத் தடுப்பேனா?

இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே காட்ஸ்டோன் என்ற ஊரில் பிள்ளைகள் ஆடு மாடுகளைத் தொட்டு விளையாடும் பண்ணை ஒன்று உண்டு. 2009 ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கிருந்து 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா தொற்றியது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். 17 பேருக்கு அது சிறுநீரகத்தையே பாதித்தது.

இந்தக் கிருமியைச் சுமக்கும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் செய்யாது. துள்ளிக்கொண்டுதான் திரியும். அதனால் 'எங்க ஆடு ஆரோக்கியமா இருக்கு டாக்டர்' என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் பாதி நிம்மதிதான். சாணத்திலும் புழுக்கையிலும் கிருமி வெளியே வரும். ரோமத்தில், வேலிக் கம்பியில், செருப்பில் ஒட்டும். நோய் வர நூறு கிருமிகூட வேண்டாம். கன்று நக்கிய கை, அப்படியே வாய்க்குள் போகும் கட்டைவிரல். அவ்வளவு போதும்.

சரி, பையில் சானிடைசர் இருக்கிறதே என்பீர்கள். கொரோனா கற்றுக்கொடுத்த பழக்கம். ஆனால் சாணமும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்து இருபது விநாடியாவது கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் பக்கத்தில் நின்று நீங்களே கழுவிவிடுங்கள். அதுவரை முறுக்கு, ஐஸ் எதையும் கையில் கொடுக்காதீர்கள். செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுங்கள். அப்புறம் பால். கறந்த சூட்டோடு குடித்தால் பலம் என்று பாட்டி சொல்வார். காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பிப் பத்து நாளுக்குள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து, அதில் ரத்தமும் தெரிந்தால், மருந்துக்கடையில் பேதி நிற்கும் மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அவை நிலைமையை மோசமாக்கலாம். உடனே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பிள்ளை ஆட்டுக்குட்டியோடு விளையாடியதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.