எத்தனை நாளில் வெளியே விடுவீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சென்னை வெயிலில் வெந்து இந்த நூலக மாடி வரைக்கும் ஏறி வந்திருக்கிறீர்கள் என்றால், உங்களில் பலருக்கு வீட்டிலேயே, வலி மாத்திரைக்கு ஒருவர் அடிமையாகிவிட்ட பிரச்சினை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரும் எழுந்து சொல்ல வேண்டாம், நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வலி மாத்திரை என்று நான் சொல்வது பாராசிட்டமாலை அல்ல. டிரமடால், டேப்பென்டடால், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, பென்டசோசின் ஊசி, இந்த வகை. அபினிலிருந்து வந்தவை, இல்லாவிட்டால் மூளையில் அபின் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காருபவை. சில பேருக்கு இது பைக் விபத்திலோ முதுகு டிஸ்க்கிலோ தொடங்குகிறது. ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் வாங்குகிறார்கள், ஒன்று இரண்டாகி, இரண்டு எட்டாகி, கடைசியில் வலியே இல்லாத நாளிலும் மாத்திரை இல்லாமல் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. வேறு சில பையன்கள் நேராகவே டேப்பென்டடாலை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள், அந்தச் செய்தி நம் ஊரில் வாரம் தவறாமல் வருகிறது. 2019இல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் ஹெராயின் எடுத்தவர்கள் 1.14 சதவீதம், இந்த மருந்துகளை எடுத்தவர்கள் 0.96 சதவீதம். கிட்டத்தட்ட சமம். ஹெராயின் என்றால் பதறுகிற நாம், மருந்துக் கடை அட்டை என்றால் பதறுவதில்லை.

சரி. குடும்பத்தோடு வருபவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், எத்தனை நாளில் வெளியே விடுவீர்கள்?" பத்து நாளா, இருபத்தோரு நாளா, எவ்வளவு கட்ட வேண்டும், லீவு சொல்லிவிடலாமா. எனக்கு இந்தக் கேள்வி புரிகிறது. ஆனால் சிகிச்சையை நாள் கணக்கில் தேர்ந்தெடுப்பதுதான் இந்த நோயில் குடும்பங்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கிறது.

அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாத்திரையை நிறுத்திய அரை நாளுக்குள் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் கடைகிற மாதிரி வலி, தூக்கமே வராது. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஒரு வாரம் பத்து நாளில் இது அடங்கும், அடக்க நம்மிடம் மருந்துகளும் உண்டு. அப்புறம் ஆள் குளித்து, சவரம் செய்து, இட்லி சாப்பிட்டு, "அம்மா, இனிமே தொடவே மாட்டேன்" என்பான். உண்மையாகத்தான் சொல்கிறான், நடிக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக் கூட்டிப் போவீர்கள். ஆனால் உடம்பிலிருந்து மருந்து போனதே தவிர, மூளையில் அது வருஷக்கணக்கில் செய்து வைத்த மாற்றம் அப்படியே இருக்கிறது. ஒரு சண்டை, ஒரு சம்பள நாள், பழைய முதுகு வலி ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

அமெரிக்காவில் வலி மாத்திரைக்கு அடிமையானவர்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2011இல் வெளியானது, 653 பேர். புப்ரெனார்ஃபின் - நலாக்சோன் என்ற மாத்திரையைக் கொடுத்து, நாலு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். தேறியவர்கள் 6.6 சதவீதம். தேறாதவர்களுக்கு அதே மாத்திரையை 12 வாரம் தொடர்ந்து கொடுத்தார்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர், 49.2 சதவீதம், நன்றாக இருந்தார்கள். அதையும் குறைத்து நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 8.6 சதவீதம். மருந்து இருக்கும்போது நிற்கிறார்கள், அவசரப்பட்டு நிறுத்தினால் விழுகிறார்கள். ஸ்வீடனில் 2003இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கொடுமை. அது ஹெராயின் எடுத்த 40 பேரிடம் நடந்தது. ஒரு வருஷம் புப்ரெனார்ஃபின் கொடுத்த 20 பேரில் 15 பேர் சிகிச்சையில் நிலைத்தார்கள், சீக்கிரம் நிறுத்திவிட்ட 20 பேரில் ஒருவர்கூட நிலைக்கவில்லை, நாலு பேர் அந்த ஒரு வருஷத்துக்குள் செத்துப் போனார்கள்.

இங்கேதான் பின் வரிசையில் ஒரு அப்பா முகம் சுளிக்கிறார், தெரிகிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" எல்லா அப்பாவும் கேட்பதுதான். ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருந்து பத்து வருஷமாக மாத்திரை போடுகிறீர்கள் என்றால் உங்களை யாரும் மாத்திரைக்கு அடிமை என்று சொல்வதில்லை. புப்ரெனார்ஃபின் மூளையில் அதே இடத்தில் உட்காருகிறது, ஆனால் அரைகுறையாகத்தான் அதைத் தூண்டுகிறது. ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் போதை ஏறாது, மூச்சு அடங்குகிற ஆபத்தும் குறைவு. அவஸ்தை இல்லை, ஏக்கம் இல்லை, வேலைக்குப் போகலாம். சரியான அளவில் அதைப் போட்டுக்கொண்டிருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதையும், இதே போல அபின் வகைக்கு மாற்றாகக் கொடுக்கிற மெதடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

முதல் மாத்திரையை எப்படிக் கொடுக்கிறோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தப்பு நடந்துதான் பலர் "அந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று ஓடிவிடுகிறார்கள். வரும்போது பழைய மருந்து உடம்பில் இருக்கக் கூடாது. கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் நன்றாகத் தொடங்கிய பிறகுதான் கொடுப்போம். முன்னாலேயே கொடுத்தால் பழைய மருந்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு, படிப்படியாக வர வேண்டிய அவஸ்தை அத்தனையும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கினால் பலன் இல்லை. கரைய ஐந்து பத்து நிமிஷம் ஆகும், அதுவரை பேச்சு இல்லை, தண்ணீர் இல்லை. கரைந்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும், பல்லுக்கு நல்லது. ஒரு மணி நேரம் கழித்து முகத்தைப் பார்த்தால் தெரியும், தோள் இறங்கியிருக்கும், "ரொம்ப நாள் கழிச்சு நார்மலா இருக்கு டாக்டர்" என்பார்கள். அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

நால்ட்ரெக்சோன் என்று இன்னொரு வழி இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம், அபின் வகை எதுவும் ஏறாமல் பூட்டிவிடும். ஆனால் தொடங்குவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் சுத்தமாக இருந்திருக்க வேண்டும், ஏக்கத்தை முழுசாகத் தணிக்காது, நிறுத்த வேண்டுமென்றால் ஒரு நாள் மாத்திரையைத் துப்பினால் போதும். மனைவியோ அம்மாவோ தினமும் கண் முன்னால் கொடுக்கிற வீட்டில், வேலையை இழக்கக் கூடாது என்ற உறுதி உள்ளவரிடம் நன்றாக வேலை செய்கிறது. மற்றவர்களிடம் நான் அவ்வளவு நம்பிக்கை வைப்பதில்லை.

எல்லோருக்கும் வருஷக்கணக்கில் மருந்து வேண்டுமா? வேண்டாம். டாக்டர் எழுதிய அளவிலேயே சில மாதம் டிரமடால் போட்டவர், ஊசி இல்லை, கூடுதல் ஆசை இல்லை என்றால், மெதுவாகக் குறைத்தாலே போதும். ஆனால் டிரமடாலைத் தானாகக் கூட்டிக் குறைத்து விளையாடாதீர்கள், அளவு மீறினால் வலிப்பு வரும். கர்ப்பிணிகள் எந்தக் காரணத்துக்கும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி நிஜமாகவே இருப்பவருக்கு அந்த வலிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். பிசியோதெரபியும் நரம்பு வலிக்கான மருந்தும் இல்லாமல் "விடு, விடு" என்றால் எப்படி விடுவார்? இன்னொன்று, வீட்டில் புற்றுநோயாளி மார்ஃபின் எடுக்கிறார் என்றால் இன்றைக்கு நான் பேசியதைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். அது அவருக்கு வேண்டிய மருந்து.

மறுவாழ்வு மையம் பார்க்கப் போகிறீர்களா? ஏசி ரூமையும் யோகா ஹாலையும் பிறகு பாருங்கள். முதலில், மனநல மருத்துவர் வருகிறாரா, புப்ரெனார்ஃபின் தருவீர்களா, வெளியே அனுப்பிய பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இந்த மாத்திரை தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, சிகிச்சை மையங்கள் வழியாகத்தான் வரும். மயக்க ஊசி போட்டு ஒரே நாளில் சுத்தம் செய்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதில் உயிர் போயிருக்கிறது. அடிப்பது, கட்டிப் போடுவது நடந்தால் அது சிகிச்சையே அல்ல, சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. கவுன்சலிங், என்.ஏ. கூட்டங்கள், அதாவது போதையிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக் கூடும் கூட்டங்கள், எல்லாம் வேண்டும், பல பேரை அவை தாங்கிப் பிடித்திருக்கின்றன, ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

மையத்திலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும், அவன் கைக்கோ பழைய அளவுதான் நினைவிருக்கும். அதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். எழுப்பினால் எழவில்லை, குறட்டை விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அபின் வகையின் வேகத்தை முறிக்கிற நலாக்சோன் ஊசி போட்டால் நிமிஷத்தில் மீட்கலாம்.

போலீஸுக்குப் பயந்து வராமல் இருப்பவர்களுக்கு ஒன்று: டிரமடால் 2018லிருந்து போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் மாட்டிய அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது, அடையாறில் 1980லிருந்து இதற்கென்றே டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் போடுங்கள். வரும்போது அவன் சாப்பிட்ட எல்லா அட்டைகளையும், காலியானதைக்கூட, ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்று அவன் சொல்ல வெட்கப்படுவான், அட்டையைப் பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது கேள்விகளைக் கேளுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.