டாங்கியை எண்ணாதீங்க, பின்னால நிக்கிறதைப் பாருங்க

நடுவர் அய்யா அவர்களுக்கும், மாரியம்மன் நோம்பிக்கு ஊர் வந்து, இந்த நேரத்துலயும் குடும்பத்தோட உக்காந்து கேக்கற பெரியவங்களுக்கும் தாய்மாருங்களுக்கும் வணக்கமுங்க.

'எல்லைத் தகராறில் அண்டை நாட்டை வெல்வது படைக்கருவியா, பின்பலமா?' இதுதான் தலைப்பு. பின்பலம்னா கருவிக்குப் பின்னால நிக்கற காசு, பயிற்சி, துணை எல்லாம்; அந்த அணிதான் நாங்க. எனக்கு முன்னால பேசுன எதிரணித் தங்கச்சி, எந்த நாட்டுக்கு எத்தனை டாங்கி, எத்தனை போர் விமானம், எத்தனை ஏவுகணைன்னு மளமளன்னு வாசிச்சாங்க. கடைசியா, '2020-ல அசர்பைஜான் ஆர்மீனியாவை ஜெயிச்சது ட்ரோனாலதான், அதனால கருவிதான் வெல்லும்'னு அடிச்சுச் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. நல்ல உதாரணமுங்க. நானும் அதையே எடுத்துக்கறேன். அந்தச் சண்டையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தா, அது எங்க அணிக்குத்தான் சாட்சி சொல்லுது.

காஸ்பியன் கடலுக்கு மேற்கே மலைநாட்டுல நகோர்னோ கராபாக்னு ஒரு பகுதி. 1923-ல சோவியத் அரசு அதை அசர்பைஜானுக்குள்ள தன்னாட்சிப் பகுதியா வெச்சுது. அங்க குடியிருந்தவங்க பெரும்பாலும் ஆர்மீனியர்கள். 1988-ல அவுங்க 'எங்களை ஆர்மீனியாவோட சேர்த்து விடுங்க'ன்னு கேட்டாங்க. சோவியத் உடைஞ்சதும் அது முழுப் போராயிருச்சு. 1994 மே மாசம் சண்டை நின்னப்போ சுமார் 30,000 பேர் செத்திருந்தாங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் பேர் வீடுவாசலை விட்டு ஓடியிருந்தாங்க. கராபாக்கும் அதைச் சுத்தியிருந்த மாவட்டங்களும் ஆர்மீனியர் கைக்குப் போயிருச்சு.

இங்கதான் தங்கச்சியோட கணக்கு இடிக்குது. அந்த முதல் போர்ல ஆயுதம் அதிகமா இருந்தது யாருகிட்ட? அசர்பைஜான்கிட்ட. சோவியத் ராணுவம் விட்டுட்டுப் போன கிடங்குங்க அந்தப் பக்கம்தான் அதிகம். ஜனத்தொகையும் ரெண்டு மடங்குக்கு மேல. அப்புறம் ஏன் தோத்தாங்க? தலைநகர் பாகுவுல அரசாங்கம் நிலைக்கலைங்க. 1992-ல ஒரு அதிபர் போனாரு, எல்சிபேன்னு இன்னொருத்தர் வந்தாரு. 1993 ஜூன்ல சூரத் உசைனோவ்னு ஒரு தளபதி கஞ்சா நகரத்துல கலகம் பண்ணி, தன் படையைத் தலைநகரத்தைப் பார்த்துத் திருப்பிட்டாரு. எல்சிபே பாகுவை விட்டே போயிட்டாரு. அடுத்த மாசம் அக்தாம் நகரம் ஆர்மீனியர் கைக்குப் போச்சு. கிடங்கு நிறையத் தோட்டா இருந்து என்ன பண்றது, அதைச் சுடவேண்டியவன் எல்லையில இல்லையே!

தோத்த அந்த நாடு அடுத்த 26 வருசம் என்ன பண்ணுச்சுங்கறதுதான் முக்கியம். காஸ்பியன் கடல் எண்ணெயை எடுக்க 1994-லயே வெளிநாட்டுக் கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டுச்சு. பாகுவுல இருந்து ஜார்ஜியா வழியா துருக்கியோட ஜெய்ஹான் துறைமுகம் வரைக்கும் குழாய் பதிச்சாங்க. 2006-ல இருந்து எண்ணெய் அது வழியாக் கப்பல் ஏறுச்சு, காசு கொட்டுச்சு. 2011 வாக்குல அசர்பைஜானோட ராணுவச் செலவு மட்டுமே ஆர்மீனிய அரசோட மொத்த பட்ஜெட்டைத் தாண்டிப் போயிருச்சுங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, பென்சன்னு ஒரு நாடு போடற அத்தனை செலவையும் பக்கத்து நாடு படைக்கு மட்டும் போடுது. தராசு சாஞ்சது அங்கதான். முதல் ட்ரோன் பறக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே சாஞ்சிருச்சு.

இப்ப 2020 செப்டம்பர் 27-க்கு வாங்க. ஆர்மீனியர்கள் பக்கம் ரஷ்யத் தயாரிப்பான ஓசா, எஸ்-300 மாதிரி வான்பாதுகாப்பு ஏவுகணைங்க இருந்துச்சு. அதுங்க எங்க ஒளிஞ்சு நிக்குதுன்னு தெரியணுமே? அசர்பைஜான்காரங்க என்ன பண்ணுனாங்கன்னா, வயலுக்கு மருந்தடிக்கற பழைய ஆன்-2 விமானத்தை எடுத்தாங்க. ஒரே எஞ்சின், மேலயும் கீழயும் ரெட்டை இறக்கை, 1947-ல முதல்ல பறந்த ரகம். அதை ஆளில்லாமப் போற மாதிரி மாத்தி எல்லைக்கு மேல அனுப்புனாங்க. கீழ இருக்கறவன் ரேடாரைப் போட்டுச் சுட்டான். ரேடாரைப் போட்ட நொடியே அவன் இருக்கற இடம் வெளிச்சமாயிருச்சு. உசரத்துல மணிக்கணக்கா வட்டம் போட்டுட்டு இருந்த துருக்கியோட பைரக்தார் டிபி-2 ட்ரோன் அதைப் பார்த்துக்கிச்சு. இஸ்ரேல்ல வாங்குன ஹாரோப் ட்ரோன், குறியைக் கண்டதும் தானே போய் விழுந்து வெடிச்சுது.

அய்யா, இதுல ஜெயிச்சது எது? மருந்தடிக்கற விமானத்துல என்ன ஆயுத பலம் இருக்குது? அதை இரையாப் போடணும்னு யோசிச்ச ஆளு, ரெண்டு நாட்டுக் கருவியையும் ஒரே திட்டத்துல கோத்த பயிற்சி, துருக்கியில போய்ப் படிச்சு வந்த அதிகாரிங்க, அந்த வருசம் ஆகஸ்ட்லயே துருக்கிப் படையோட சேர்ந்து பண்ணுன ஒத்திகை. இது எல்லாம் பின்பலம்தானுங்க.

அந்தப் பக்கத்தையும் பாருங்க. ஹாரோப் 2016 ஏப்ரல்ல நடந்த நாலு நாள் சண்டையிலயே வந்திருச்சு. அதைக் கண்ணால பார்த்த பிற்பாடும், 2019 கடைசியில ஆர்மீனியாவுக்கு வந்து இறங்குனது நாலு சுகோய்-30. பார்க்க கம்பீரமான விமானம், பட்டியல்ல எழுதுனாலும் கம்பீரம். 44 நாள் சண்டையில அதுங்களால ஒண்ணும் ஆகலை. ஏவுகணை இல்லாமத்தான் அந்த விமானங்கள் வந்துச்சுன்னு பிரதமர் பஷின்யானே பின்னால சொன்னாரு. ஏவுகணை வாங்கக் காசோ நேரமோ இல்லாத நாட்டுக்கு அந்த விமானத்தால என்ன பிரயோசனமுங்க?

வீரத்தைப் பத்தி எதிரணி அண்ணன் பேசுவாருன்னு தெரியும். சூசா நகரம் செங்குத்துப் பாறை மேல இருக்குது. அசர்பைஜான் அதிரடிப்படை கையில எடுத்துட்டுப் போற ஆயுதத்தோட காட்டு வழியா நடந்து, ஏறித்தான் அதைப் பிடிச்சாங்க. அந்த வீரத்துக்கு நானும் தலை வணங்கறேன். எதிர்ல நின்ன ஆர்மீனியப் பையனுங்க காட்டுனதும் அதே வீரம்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பசங்க. வீரம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு, பின்பலம் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

துணை நாடு யாருங்கற விசயத்துக்கு வாங்க. அசர்பைஜானுக்குப் பின்னால துருக்கி வெளிப்படையா நின்னுச்சு. ஆர்மீனியா ரஷ்யாவோட கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்துல இருந்த நாடு. 'சண்டை ஆர்மீனியா மண்ணுல நடக்கலையே'ன்னு புதின் ஒதுங்கிட்டாரு. நவம்பர் 10-ல சண்டை நின்னப்போ, 1,960 ரஷ்ய வீரர்கள் அமைதிப்படையா வந்தாங்க. கராபாக்குல மிச்சம் இருந்த ஆர்மீனியர்களுக்கு வெளி உலகத்துக்கு ஒரே வழி, லச்சின் பாதை. நம்ம பக்கத்துல வரப்புத் தகராறு முத்துனா முதல்ல வண்டித்தடத்தை அடைப்பாங்கல்ல, அப்படித்தான் 2022 டிசம்பர்ல அசர்பைஜான் பக்கம் அந்தப் பாதையை அடைச்சாங்க. மருந்துக்கும் மாவுக்கும் மக்கள் தவிச்சாங்க. அமைதிப்படை பார்த்துட்டு நின்னுச்சு, ரஷ்யா உக்ரைன்ல மாட்டிக்கிட்டிருந்துச்சு. 2023 செப்டம்பர் 19-ல அசர்பைஜான் அடிச்சப்போ ஒரே நாள்ல கதை முடிஞ்சுது. கொஞ்ச நாளுக்குள்ள ஒரு லட்சம் பேருக்கு மேல அதே பாதையில கார்லயும் டிராக்டர்லயும் ஏறி, பொறந்த மண்ணை விட்டுப் போயிட்டாங்க. அதை நினைச்சா மனசு ஆறலைங்க. முதல் போர்ல ஓடுன அசர்பைஜான் குடும்பங்களுக்கும் இதே கண்ணீர்தான்.

தங்கச்சி இன்னொண்ணும் சொன்னாங்க: 'நம்ம சூலூர்ல தேஜஸ் நிக்குது, அதுக்கு மேல என்ன பலம் வேணும்?' சூலூர் விமானப்படைத் தளத்துல நம்ம நாட்டுலயே செஞ்ச தேஜஸ் போர் விமானம் நிக்கறது எனக்கும் பெருமைதானுங்க. ஆனா அந்த விமானத்தோட எஞ்சின் அமெரிக்காவுல இருந்து வருது. 2021-ல 83 புது தேஜஸுக்கு ஆர்டர் போட்டாங்க. அதுக்கான முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்ல. விமானம் செய்யத் தெரிஞ்ச நாடு எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்துச்சு. பைரக்தாருக்கும் இந்தச் சோதனை வந்துச்சு. அதோட கேமரா கனடாவுது; 2020 அக்டோபர்ல கனடா ஏற்றுமதியை நிறுத்திருச்சு. துருக்கி தன்னோட அசெல்சான் நிறுவனத்துக் கேமராவை மாட்டிப் பறக்க விட்டுச்சு. செஞ்சு கொடுக்க ஆலையும் ஆளும் உள்ளூர்ல இருந்ததால முடிஞ்சுது.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல கோயமுத்தூர், சேலம், ஓசூர் மூணுமே இருக்குது. மோட்டாரும் பம்பும் லேத்துல கடைஞ்சு பழகுன நம்ம கைக்கு அந்த வேலை தொடர்ந்து வரணும். நம்ம பாலிடெக்னிக் பையனுக்கு எஞ்சின் பாகம் செய்யற படிப்பு கிடைக்கணும். அதுக்கு ஒதுக்கற ஒவ்வொரு ரூபாயும் படைபலம்தான்னு, இந்த மேடையில பின்பலத்துக்கே தீர்ப்புக் கொடுத்து நீங்க சொல்லணும் அய்யா.

மிச்ச நேரத்தை எங்க அணி அக்காவுக்கு விடறேன். வணக்கமுங்க.