கரையோரம் நகரும் மணல்

நேயர்களுக்கு வணக்கம்.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். பெரும்பாலும் சற்றே சாய்ந்துதான் வரும். ஆழம் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். ஆழமற்ற பக்கம் இருக்கும் முனை பின்தங்க, மறுமுனை முந்தும். அலை கரைக்கு இணையாகத் திரும்பப் பார்க்கும். முழுதும் திரும்புவதற்குள் உடைந்துவிடும். அப்போது மிஞ்சியிருக்கும் சில பாகைச் சாய்வே மணலை நடத்துகிறது.

உடைந்த நீர் சாய்வாக மேலேறி, சரிவின் வழியே நேராக இறங்குகிறது. மணல்துகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போய் விழுகிறது. பலரும் விளக்கத்தை இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மணலில் பெரும்பங்கு நகர்வது நீருக்குள்ளே, அலை உடையும் பகுதியில். 1 மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்தக் கொந்தளிப்பு அடிமணலைக் கிளப்ப, கரைக்கு இணையான நீரோட்டம் அதை இழுத்துச் செல்கிறது. பொறியாளர்களின் வழக்கமான சூத்திரப்படி, நகரும் மணல் அலை உயரத்தின் 2.5 அடுக்குக்கு (மடங்கு அல்ல, கணித அடுக்குக்குறி) ஏற்பக் கூடுகிறது. உயரம் இரட்டித்தால் மணல் ஐந்தரை மடங்குக்கும் மேல்! சில நாள் புயல், பல வார அமைதிக் கடலின் வேலையை முடித்துவிடும்.

ஓட்டத்தை நீங்களே அளக்கலாம். கரையில் 30 மீட்டர் இடைவெளியில் இரு கம்புகள் நட்டு, அலை உடையும் இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எறியுங்கள். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. கம்புகளுக்கு இடையே 1 நிமிடம் எடுத்தால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். பழம் கடலுக்குள் போனால் அங்கே இழுப்பு நீரோட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் இறங்கவே கூடாது. பருவம் மாறினால் திசையும் மாறலாம். ஆகவே ஒருநாள் அளவை ஆண்டுக் கணக்காக எடுக்காதீர்கள்.

வரும் மணலும் போகும் மணலும் சமமானால் கரை நிலைக்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவைக் கட்டினால் மணல் வரும் பக்கம் மேடேறும், மறுபக்கம் அரிக்கும். அரிப்பைத் தடுக்க அங்கே இன்னொன்று கட்டினால், அரிப்பு அதற்கு அப்பால் இடம்பெயரும். கட்டுமானத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வெற்றி என்று சொல்வது பெரிய தவறு.

ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை 1960களில் நீட்டியபின், வடக்கே கோல்ட் கோஸ்ட்டின் தென்பகுதிக் கடற்கரைகள் கரைந்தன. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 2001 முதல், ஆற்றின் தென்புறத்தில் கடலுக்குள் நீளும் பாலத்தில் உள்ள பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடபுறம் சேர்க்கின்றன. தொடக்கத்தில், தேங்கியிருந்த மணலையும் சேர்த்து அனுப்பியதால் வடபுறமுள்ள கிர்ரா கடற்கரை அளவுக்கு மீறி அகன்றது. பிறகு இயற்கையாக நகரும் அளவுக்கு நெருக்கமாக இறைப்பைக் குறைத்தார்கள்.