டேட்டாபேஸைச் சுருக்கி வைக்கலாமா? காரைக்குடி பலகாரக் கடையிலிருந்து ஒரு விளக்கம்

(திரையில்: எவர்சில்வர் தட்டில் மனகோலம், பக்கத்தில் லேப்டாப்)

வணக்கம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் ஆர்டர் சாஃப்ட்வேரை நான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளி நெருங்கினால் மனகோலமும் சீப்புச் சீடையும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பார்சல் பார்சலாகப் போகும். ஒவ்வொரு ஆர்டரும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு வரி. போன சீசனில் டிஸ்க் நிரம்பிவிட்டது. கடையை நடத்தும் ஆச்சியிடம் "புது டிஸ்க் வாங்கணும் ஆச்சி" என்றேன். "இருக்குறதை ஒழுங்கா அடுக்கிப் பாத்தியா தம்பி?" என்றார்கள். ஒரு அண்டாவுக்குள் பத்துப் பாத்திரத்தை அடுக்கி வைக்கிற வீட்டில் வேறெப்படிக் கேட்பார்கள்?

அடுக்க முடியும். போஸ்ட்கிரெஸ் தானாகச் சுருக்குவது பெரிய மதிப்புகளை மட்டும்தான்; வரி சுமார் 2 கேபியைத் தாண்டினால்தான் அந்த வேலையைத் தொடங்கும். நம் ஆர்டர் வரிகளோ சின்னச் சின்ன வரிகள். அதனால் சுருக்கும் பொறுப்பை, டிஸ்க்கில் ஃபைல்களை எழுதி அடுக்கும் ஃபைல் சிஸ்டத்திடம் விடுகிறோம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த வசதி கிடையாது, இசட்எஃப்எஸ்-க்கு உண்டு. பிடிஆர்எஃப்எஸ்-க்கும் உண்டு, ஆனால் டேட்டாபேஸ் வேகத்துக்காக அதில் காப்பி ஆன் ரைட்டை (மாறியதைப் பழையதன் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறையை) நிறுத்திவிட்டால் கம்ப்ரெஷனும், அதாவது சுருக்கும் வேலையும், சேர்ந்து நின்றுவிடும். நான் இசட்எஃப்எஸ் பக்கம் போனேன்.

(திரையில்: "மனகோலம்" என்ற சொல், கீழே பைட்டுகள்)

இந்தச் சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு 5 எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இது 21 பைட். ம, ன, க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 7 குறிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான்; இரண்டாவதும் இரண்டு மதிப்புகளில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். உண்மையில் வேறுபடுவது மூன்றாவது மட்டும். தமிழ் டேட்டாவில் காற்று நிறைய இருக்கிறது என்று சொல்லலாம்.

சரி, இந்தக் காற்றை யார் பிடுங்குவது? இசட்எஃப்எஸ்-ல் இருக்கும் சுருக்கும் முறைகளில் எல்இசட்4 படுவேகம். ஆனால் குறைந்தது 4 பைட் அப்படியே திரும்ப வந்தால்தான் அதன் கண்ணில் படும். "மனகோலம் அரை கிலோ" பக்கம் முழுக்க வந்தால் அழகாகச் சுருக்கிவிடும். திரும்ப வராத பெயருக்குள் இருக்கும் காற்றை விட்டுவிடும். இசட்ஸ்டாண்டர்டு என்ற இன்னொரு முறை அதற்கு மேல் ஹஃப்மன் முறையும் சேர்ப்பதால், அடிக்கடி வரும் பைட்டுக்குக் குறைந்த பிட்களே செலவாகும். சிபியு கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இசட்எஃப்எஸ்-இன் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்இசட்எஃப்எஸ்-ல், 2020-ல் வந்த 2.0 முதல் இசட்ஸ்டாண்டர்டு கிடைக்கிறது.

இனிதான் பலர் தடுக்கி விழும் இடம். நானும் விழுந்தேன்.

(திரையில்: 4 கேபி கட்டங்கள்)

போஸ்ட்கிரெஸ் 8 கேபி பேஜ்களாக எழுதும். இசட்எஃப்எஸ் ஒரே துண்டாகச் சுருக்கி எழுதும் அளவுக்கு ரெக்கார்ட்சைஸ் என்று பெயர். "அப்போ ரெக்கார்ட்சைஸும் 8 கேபி வைப்போம், பொருத்தமா இருக்கும்" என்று வைத்தேன். ஆனால் எங்கள் டிஸ்க்கில் இடம் 4 கேபி கட்டங்களாகத்தான் கிடைக்கும். 8 கேபி பேஜ் 5 கேபி-யாகச் சுருங்கினாலும் இரண்டு கட்டம் வேண்டும். அதாவது 8 கேபி. சுருக்கியதால் ஒன்றும் மிச்சமில்லை. 4-க்குள் அடங்கினால்தான் லாபம். அரைக் கிலோ டப்பாவும் ஒரு கிலோ டப்பாவும் மட்டும் வைத்திருக்கும் கடையில் அறுநூறு கிராம் சீடை கேட்ட கதை.

ரெக்கார்ட்சைஸை 32 கேபி ஆக்கினால், நான்கு பேஜ் சேர்ந்து 18 கேபி-யாகச் சுருங்கும்போது ஐந்து கட்டத்தில், 20 கேபி-யில் முடிந்துவிடும். அதற்கும் விலை உண்டு: ஒரு 8 கேபி பேஜ் மாறினாலும் 32 கேபி ரெக்கார்ட் முழுவதையும் திரும்பச் சுருக்கி எழுத வேண்டும். ஓயாமல் அப்டேட் ஆகிற டேபிளுக்கு இது கட்டாது. எங்கள் ஆர்டர் வரி ஒருமுறை ஏறினால் அப்புறம் யாரும் தொடுவதில்லை; 32 தாராளம்.

இன்னொன்று. கம்ப்ரெஷனை ஆன் செய்தவுடன் இடம் காலியாகும் என்று இரவு பதினொரு மணி வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பைட் குறையவில்லை. இனி எழுதப்படுவதுதான் சுருங்கும். பழையது பழையபடியே கிடக்கும். டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, புது இடத்தில் ரீஸ்டோர் செய்து திரும்ப ஏற்றிய பிறகுதான் குறைந்தது. பழைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை இசட்எஃப்எஸ் பிடித்து வைத்திருக்கும் பதிவு) இருந்தால் அதையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பிடித்த இடம் விடாது. பில் போட்டோக்களைப் பற்றிக் கேட்காதீர்கள், ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

எல்லாம் முடித்து, டேட்டாபேஸ் சைஸை போஸ்ட்கிரெஸிலேயே கேட்டு ஆச்சியிடம் காட்டினேன். "கணக்கு அதேதானே நிக்குது தம்பி?" என்றார்கள். போஸ்ட்கிரெஸுக்கு கீழே நடந்த சுருக்கம் தெரியாது, அது தன் பேஜ்களை மட்டும் எண்ணிச் சொல்கிறது. பிறகு இசட்எஃப்எஸ்-இடம் கம்ப்ரெஸ்ரேஷியோ, அதாவது எத்தனை மடங்கு சுருங்கியது என்ற கணக்கை, கேட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அந்த டிஸ்க் காசை எண்ணெய் டின்னுக்கு எழுதிக்கோ" என்று உள்ளே போனார்கள்.