ஓநாய்க்குள் ஒரு வீரன்

(திரை இருட்டு. தூரத்தில் ஊளைச் சத்தம். எழுத்து மெல்லத் தெரிகிறது: வேர்வொல்ஃப்)

பௌர்ணமி ராத்திரியில மனுஷன் ஓநாயா மாறுற கதை கேட்டிருப்பீங்க. ஜெர்மன்ல அதுக்குப் பேரு 'வேர்வொல்ஃப்'. 'வொல்ஃப்'னா ஓநாய். சரி, முன்னாடி நிக்கிற 'வேர்' யாரு?

ஜெர்மன்காரர்கிட்ட கேட்டா "யார்னு அர்த்தம்"பார். இன்னைக்கு அவங்க கேள்விச்சொல் அப்படித்தான் ஒலிக்கும். ஆனா இது வேற. பழைய ஜெர்மன்ல 'வேர்'னா ஆம்பளை. பிற்பாடு 'மன்'ங்கிற சொல் அதை ஓரங்கட்டிருச்சு.

(வரைபடம்: ரோம், லிதுவேனியா, இந்தியா)

சொந்தக்காரங்க மட்டும் உயிரோட இருக்காங்க. லத்தீன்ல 'விர்', லிதுவேனிய மொழியில 'வீரஸ்', ரெண்டுக்கும் ஆண்னுதான் அர்த்தம். சமஸ்கிருதத்துல 'வீர'. அங்கிருந்து தமிழுக்கு வந்ததுதான் நம்ம வீரன்! ஓநாய்ப் பக்கமும் உறவு இருக்கு: சமஸ்கிருதத்துல 'விருக'. பீமனுக்கு விருகோதரன்னு பேரு ஏன்? எவ்வளவு போட்டாலும் அடங்காத ஓநாய் வயிறு.

உடனே 'தமிழ்லருந்து ஜெர்மன் வந்துச்சு'ன்னு கிளம்பிடாதீங்க. 'வேர்', 'வொல்ஃப்' ரெண்டுமே இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தோட வேர்ச்சொற்கள். மரத்தோட வேருக்கும் இந்த 'வேர்'க்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

(பழைய கையெழுத்துப் பிரதி)

வோர்ம்ஸ் நகர பிஷப் புர்கார்ட், 1025ல இறந்தவர். பாவமன்னிப்புக்கு வர்றவங்ககிட்ட கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிவெச்சார். அதுல ஒண்ணு: மனுஷன் ஓநாயா மாறுவான்னு நம்புறியா? நம்பினா பத்து நாள் ரொட்டியும் தண்ணியும்தான். மாறினதுக்கு இல்ல, நம்பினதுக்குத் தண்டனை!

அதே 'வேர்' சட்டத்துலயும் இருந்துச்சு. 'வேர்கெல்ட்', அதாவது ஆளுக்கான பணம். கொலை செஞ்சா செத்தவன் குடும்பத்துக்குக் கட்டவேண்டிய ஈடு. பழைய ஜெர்மானிய இனமான ஃபிராங்க் மக்களோட சாலிக் சட்டத்துல, அடிமையில்லாத சாதாரண ஃபிராங்க் ஒருத்தனுக்கு 200 சொலிடஸ், அதாவது பொற்காசு. பழிக்குப் பழின்னு கத்தியெடுக்காம இருக்க ஒரு கணக்கு.

(செய்தித்தாள் கடை. தலைப்பெழுத்து நெருக்கத்தில்)

இன்னும் ஒரு இடத்துல அவன் ஒளிஞ்சிருக்கான். ஜெர்மன்ல உலகத்துக்கு 'வெல்ட்'னு பேரு. ஒத்தைச் சொல் மாதிரி தெரியுதில்ல? பழைய வடிவம் 'வெரல்ட்'. 'வேர்' மனுஷன், 'அல்ட்' காலம், வயசு. மனுஷனோட காலம்தான் தேய்ஞ்சு தேய்ஞ்சு உலகமாயிருச்சு. 'டீ வெல்ட்'னு அங்க ஒரு நாளிதழே இருக்கு. அந்தத் தலைப்புல 'வேர்' இருக்கிறதை வாங்குறவங்கள்ல எத்தனை பேர் கவனிப்பாங்க?