புது வெர்ஷனா? அப்புறம் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

புரோகிராமர் ஒருவரிடம், அவர் தினமும் புழங்கும் கருவிக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா? ஆறு மாசம் போகட்டும்" என்பார். வயசாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று சிலர் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புது வெர்ஷனால் நம் வேலை குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் விஷயம்.

1983 நவம்பரில் போர்லண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பாஸ்கல் மொழிக்கு டர்போ பாஸ்கல் என்ற கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருளை, வெளியிட்டது. விலை 49 டாலர் 95 சென்ட். மற்ற கம்பைலர்கள் பல நூறு டாலருக்கு விற்ற காலம் அது. நிரல் எழுத ஒரு மென்பொருள், கம்பைல் செய்ய இன்னொன்று, பிழை வந்தால் மறுபடி முதலாவதற்குப் போக வேண்டும். நடுவில் ஃபிளாப்பியை வேறு மாற்றி மாற்றிச் செருக வேண்டும். டர்போ பாஸ்கலில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேயே கர்சர் போய் நிற்கும். பிறகு வந்த 3.02 வெர்ஷன்கூட 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. இப்படி ஒன்று வந்தால் யார்தான் குதிக்க மாட்டார்கள்?

அதே நிறுவனம் சி பிளஸ் பிளஸ் மொழிக்குத் தந்த டர்போ சி பிளஸ் பிளஸ் நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் நீலத் திரையோடு எத்தனையோ ஆண்டுகள் ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்து வெர்ஷனை 2010க்குப் பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள். அது வேறு வகைச் சோம்பல்; அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஜாவா என்ற நிரல் மொழிக்கு வருவோம். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, சிறு வேலைகளைச் சுருக்கமாக எழுத உதவும் லாம்டா என்ற வசதியைக் கொண்டுவந்தது. பத்து வரியில் எழுதியதை இரண்டு வரியில் எழுதலாம் என்றதும் ஆசையாக மாறினார்கள். 2017 செப்டம்பரில் ஜாவா 9, நிரலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைக்கும் மாட்யூல் அமைப்போடு வந்தது. ஜாவாவின் உள்பகுதிகளைத் தொட்டுப் பழகியிருந்த லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) பலவும் தகராறு செய்தன. ஏராளமான நிறுவனங்கள் 8-லேயே உட்கார்ந்துவிட்டன. 2018 முதல் மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா வருகிறது. இவற்றில் 11, 17, 21, 25 போன்ற சிலவற்றுக்குத்தான் நீண்டகால ஆதரவு. மற்றவை அடுத்தது வந்ததும் கைவிடப்படும். ஒரு வங்கியின் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர் ஜாவா 19 வந்ததைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அவரிடம் என்ன தப்பு?

பைத்தான் என்ற மொழியின் கதை இன்னும் நீளம். 3.0 வந்தது 2008 டிசம்பரில். பழைய 2-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். இடையில் பதினோரு ஆண்டுகள்! திரையில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் என்ற சாதாரணக் கட்டளைக்கே அடைப்புக்குறி போட்டுத் திருத்த வேண்டியிருந்தது. எல்லாம் மாற்றி முடித்த பிறகு வாடிக்கையாளரின் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. "ஒண்ணுமே மாறலையே, இதுக்கா இத்தனை நாள்?" என்று மேனேஜர் கேட்பார். இந்தக் கேள்வியை ஒருமுறை காதில் வாங்கிய புரோகிராமருக்கு அடுத்த வெர்ஷன் அறிவிப்பைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

ஆனால் 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியின் கம்பைலரை கோ என்ற இன்னொரு மொழியில் மாற்றி எழுதுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் எடிட்டரின் சுமார் 15 லட்சம் வரி நிரலைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது, இனி 7.5 விநாடி போதும் என்றார்கள். அறிவித்தவர் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க், டர்போ பாஸ்கலின் கம்பைலரை எழுதிய அதே மனிதர்! அலுத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆட்கள் அன்று துள்ளினார்கள். தங்கள் நிரலை மாற்றி எழுதாமலே காத்திருப்பு குறைகிறதே! சிலர் சண்டைக்கும் வந்தார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த மொழியான சி ஷார்ப்பை உருவாக்கிய ஹைல்ஸ்பெர்க் அதை விட்டுவிட்டு கோவுக்கு ஏன் போனார் என்று ஒரே வாக்குவாதம். ஒரு கம்பைலருக்காக இவர்கள் இப்படி மல்லுக்கட்டி வெகு நாளாயிற்று.

நன்றி, வணக்கம்.