திருக்கோட்டியூர் நம்பியும் இராமானுசரும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு அவதரித்து, காஞ்சியில் கற்று, திருவரங்கத்தில் வாழ்ந்து, 1137இல் பரமபதித்தவர் என்று வைணவ மரபு போற்றும் இராமானுசரைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் அவர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்திலிருந்து தொடங்குவார்கள். அது கற்றோர் அவைக்கு உரியது. நான் காரைக்குடிப் பக்கத்தவன். ஆகவே, திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் இருக்கும் திருக்கோட்டியூரிலிருந்து தொடங்குகிறேன்.

நகரத்தாரின் கோயில்கள் ஒன்பதும் சிவன் கோயில்களாகவே இருக்கின்ற நம் செட்டிநாட்டில், மாசி மகத் தெப்பம் வந்துவிட்டால் திருக்கோட்டியூருக்குப் போகாத வீடு குறைவு. தெப்பக்குளக் கரையில் எரியும் அகல்விளக்குகளில் ஒன்றை வேண்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்து, சாமி அறையில் வைத்துப் பூசித்து, வேண்டுதல் நிறைவேறிய பிறகு மறு ஆண்டு அதே கரையில் விளக்கேற்றி வைக்கும் ஆச்சிமார்களை நீங்கள் அறிவீர்கள்; உங்களில் பலர் அவ்வாறு செய்தவர்களாகவும் இருப்பீர்கள். அந்தப் பெருமாள் கோயிலின் கருவறைக்கு மேலுள்ள அட்டாங்க விமானத்தில் குறுகிய படிகளின் வழியே மேலே ஏறினால், அவருடைய ஆசாரியர்களுள் ஒருவரான திருக்கோட்டியூர் நம்பியின் திருமாளிகையை நோக்கியபடி இருக்கும் இராமானுசரைக் காணலாம். கோபுரத்தில் ஏறி மந்திரத்தை உரக்கச் சொன்னார் என்று கதையில் சொல்லிவிடுகிறோம்; ஊரார் கை காட்டுவது இந்த விமானத்தைத்தான். ஆசாரியர்களின் வரலாறு கூறும் குருபரம்பரை நூல்களும் இந்த நிகழ்ச்சியைச் சிறு சிறு வேறுபாடுகளுடனேயே சொல்லுகின்றன. அந்த ஆராய்ச்சிக்குள் இப்போது நுழைய வேண்டாம்.

கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்த கதைதான் என்றாலும் சற்று மெதுவாகச் சொல்லுகிறேன். ‘ஓம் நமோ நாராயணாய’ என்னும் எட்டெழுத்து மந்திரத்தின் உட்பொருளைக் கேட்டறிவதற்காக இராமானுசர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு நடந்தே வந்தார். இன்று பேருந்தில் வந்தாலும் புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வந்தவரை நம்பி திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தார்; மறுபடி அனுப்பினார். இப்படிப் பதினேழு முறை. பதினெட்டாம் முறைக்கு நம்பியே ஆள் அனுப்பி, துறவியின் அடையாளங்களான தண்டும் பவித்திரமுமாகத் தனியே வருமாறு சொல்லியிருந்தார். இராமானுசரோ தம் சீடர்களான முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்து வந்து நின்றார். இது என்ன என்று நம்பி கேட்டபோது, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றார். நேயர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மறுநாள் ஊரறியச் சொல்லப்போகிறவர், உபதேசம் பெறுவதற்கு முன்பே அதைத் தனியாகப் பெற மறுத்துவிட்டார்.

யாருக்கும் சொல்லலாகாது என்ற உறுதியின்பேரில் பொருள் உரைக்கப்பட்டது. அடுத்த நாளே இராமானுசர் அதை விருப்பமுடைய அனைவருக்கும் எடுத்துரைத்துவிட்டார். நம்பி சினந்தார்; ஆசாரியன் ஆணையை மீறினால் நரகம் என்பது தெரியாதா என்று கேட்டார். நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வார்கள் அல்லவா என்பது இராமானுசர் தந்த விடை.

மேடைகளில் இந்த விடையோடு கைதட்டு வாங்கி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பின் நடந்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது. நம்பி என்ன செய்தார்? வழிவழியாக ஓர் ஆசிரியரிடமிருந்து ஒரே மாணவருக்கு என்று காத்துவந்ததைத் தம் கண்ணெதிரிலேயே இழந்த அந்த முதியவர், மாணவரைச் சபிக்கவில்லை. தழுவிக்கொண்டு, ‘எம்பெருமானார்’ என்று பட்டம் சூட்டினார். நம் ஊர்ப் பெரியவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் கதவடைத்திருந்தால், இராமானுசர் செய்தது ஆசாரியனை மீறிய ஒருவரின் செயலாக மட்டும் நின்றிருக்கும்; அவர் ஏற்றுக்கொண்டதனால் அது மரபாயிற்று. பிற்காலத்து வைணவ ஆசாரியரான மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் ‘ஆசையுடையோர்க்கெல்லாம்’ கூறுமென்று பேசி இராமானுசர் ‘வரம்பறுத்தார்’ என்று பாடியதற்கு, அந்தத் தழுவலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். வரம்பு முழுவதும் போய்விடவில்லை. பிறப்பு நின்ற இடத்தில் விருப்பம் வந்து நின்றது.

இவ்வாறு மனம் விரிந்த பெரியவர்கள் அவரைச் சுற்றிலும் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேர் நம்பிக்கு, இராமானுசரின் ஆசாரியரும் அந்தணருமான பெரிய நம்பி தம் கையாலேயே ஈமக்கடன் செய்தார். ஊர் அவரை ஒதுக்கியது. இராமானுசர் வினவியபோது, சடாயுவுக்குக் கடன் செய்த இராமபிரானைவிட நான் உயர்ந்தவனோ, சடாயுவைவிட மாறனேர் நம்பி தாழ்ந்தவரோ என்று அவர் திருப்பிக் கேட்டதாக நூல்கள் கூறும். காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணரான முதலியாண்டான் தோளையும், நீராடித் திரும்பும்போது தாழ்ந்த குலத்தவர் என்று ஊர் கருதிய மல்லராகிய உறங்காவில்லிதாசர் தோளையும் பற்றிக்கொண்டு இராமானுசர் நடந்தார் என்றால், இத்தகைய ஆசாரியர்களிடம் பயின்றவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காஞ்சியில் அவருக்கு வழிகாட்டிய, அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் போதாது.

வழிபாட்டைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். பெருமாள் புறப்பாட்டில் தமிழ்ப் பாசுரங்களைச் சேவிக்கும் கோஷ்டி முன்னே செல்ல, வேதம் ஓதுவோர் பின்னே வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வேளாளர் குலத்தில் தோன்றிய நம்மாழ்வாரின் தமிழுக்கு அளிக்கப்பட்ட இடம் அது. அந்த இடம் கோயிலில் நிலைபெற்றதில் இராமானுசருக்குப் பெரும்பங்கு உண்டு. திருவரங்கத்தில் அவர் கோயில் ஊழியங்களைப் பத்துக் கொத்துகளாக, அதாவது பணிக்குழுக்களாக, வகுத்துப் பல குலத்தாருக்கும் பணி அளித்ததை, அக்கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகு விரிவாகப் பேசுகிறது. பதினெட்டு நடையைப் பாடும் நாம் இந்த நிர்வாக வேலையைப் பாடுவதில்லை. எனக்கு அதில் சற்று வருத்தம் உண்டு.

எனக்கு இன்னும் ஒரு நிமிடமே இருக்கிறது. கருநாடகத்து மேல்கோட்டையைப் பற்றி ஒரே ஒரு செய்தி. அங்கே தமக்குத் துணை நின்ற ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களில் அவர்கள் கோயிலுக்குள் வந்து வழிபட இராமானுசர் உரிமை அளித்தார் என்பது மரபு. சில நாள்கள்தாமா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், நம் பக்கத்து மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அந்த மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாள். இராமானுசர் மறைந்து 802 ஆண்டுகள் கழித்து.

நன்றி, வணக்கம்.